'அவுட்'டும் 'இன்'னும் அடுத்தடுத்து

அப்பா எங்கே என்று கேட்டால், 'ஹி இஸ் அவுட் இன் த கார்டன்' என்று ஓர் ஆங்கிலேயக் குழந்தை பதில் சொல்லும். நம் காதுக்கு இது இடிக்கிறது. வெளியே என்கிறதா, உள்ளே என்கிறதா? இரண்டும்தான். வீட்டுக்கு வெளியே, தோட்டத்துக்குள்ளே. 'அவுட்' வீட்டை வைத்துப் பேசுகிறது, 'இன் த கார்டன்' தோட்டத்தை வைத்துப் பேசுகிறது. இத்தனைக்கும் வீடு என்ற சொல் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. ஓரசைச் சொல் ஒன்று அதைக் கேட்பவர் மனதில் எழுப்பிவிடுகிறது.

ஆங்கிலப் பேச்சு வழக்கில் இது அன்றாடச் சங்கதி. 'அப் இன் த ஆட்டிக்', 'டவுன் அட் த பப்', 'ஓவர் பை த விண்டோ', 'பேக் அட் த ஆபீஸ்' என்று திசை காட்டும் வினையடை ஒன்று முன்னால் வரும். இடத்தைச் சொல்லும் பிரபொசிஷன் தொடர் பின்னால் வரும். பின்னது, ஆளோ பொருளோ எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. முன்னது, பேசுகிறவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதைச் சொல்கிறது. வினையடையை எடுத்துவிட்டாலும் இலக்கணம் கெடாது, தகவலும் பெரும்பாலும் கெடாது. பார்வைதான் போய்விடும். பள்ளியில் மட்டுமே ஆங்கிலம் கற்றவர்களின் பேச்சு பிழையே இல்லாமலும் ஏதோ தட்டையாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

இந்தச் சேர்க்கை தமிழுக்குப் புதிதல்ல. 'மேலே மாடியில் காயுது', 'உள்ளே சமையலறையில் இருக்கா' என்று நாமும் பேசுகிறோம். ஊட்டிக்காரர் 'கீழே கோயம்புத்தூருக்குப் போறேன்' என்பார். வேறுபாடு இயக்கத்தில்தான் தெரியும். 'ஷி ரான் பேக் டவுன் டு த ரிவர்' என்ற வாக்கியத்தில் வினை ஒன்றே ஒன்று: ஓடினாள். திரும்பியதையும் இறங்கியதையும் 'பேக்', 'டவுன்' என்ற இரண்டு குட்டிச் சொற்கள் சுமக்கின்றன. தமிழில் 'திரும்பவும் ஆற்றுக்கு இறங்கி ஓடினாள்' என்போம். இறங்கி, ஏறி, தாண்டி, சுற்றி என வினையெச்சங்கள் நமக்கு அந்த வேலையைச் செய்கின்றன. பாதையை வினையிலேயே வைக்கும் மொழிகள், வினைக்கு வெளியே துணைச் சொற்களில் வைக்கும் மொழிகள் என்ற பாகுபாட்டை அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985-இல் வெளியான தம் நீண்ட கட்டுரையிலும் அதன் பின்னரும் விரிவாக ஆராய்ந்தார். ஸ்பானிய மொழி முதல் வகை, ஆங்கிலம் இரண்டாவது. நாம் பேசுகிறவரின் நிலையை வாக்கியத்தின் கடைசியில், 'ஓடி வந்தாள்', 'ஓடிப் போனாள்' என்று வினையில் முடிந்துவைக்கிறோம். ஆங்கிலமோ அதை இடப்பெயருக்கு முன்னாலேயே சொருகிவிடுகிறது.

சிக்கனம் என்று பார்த்தால் இது மெச்சத்தக்க ஏற்பாடு. ஆனால் இலக்கண நூல்கள் இதற்கு நியாயம் செய்யவில்லை. 'வென்ட் டவுன் டு த ஷாப்' என்பதில் 'டவுன்' யாருக்குச் சொந்தம்? பழைய பாடம், அது வினையைச் சார்ந்த அட்வெர்ப், 'டு த ஷாப்' தனித் தொடர் என்று இரண்டாக வெட்டும். ஆனால் 'டவுன் டு த ஷாப் ஹி வென்ட்' என்று முழுத்துண்டையும் பெயர்த்து முன்னால் வைக்கலாம். 'ரைட் டவுன் டு த ஷாப்' என்று 'ரைட்' சேர்த்து மொத்தமாக அழுத்தலாம். ஒன்றாக நகர்வது ஒன்றாகவே இருக்க வேண்டும். அட்வெர்ப், பிரபொசிஷன் என்ற பிரிவினையே செயற்கையானது என்று டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-லேயே வாதிட்டார். 2002-இல் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த கேம்பிரிட்ஜ் இலக்கணம், இந்த 'டவுன்', 'அவுட்' போன்றவற்றைப் பின்னால் பெயர் தேவைப்படாத பிரபொசிஷன்களாகவே வகைப்படுத்தியது. எனக்கு இவர்கள் கட்சிதான் சரியென்று படுகிறது.

நம் வகுப்பறைகளில் இன்னும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலின் ஆட்சிதான். சில சொற்கள் இரண்டு வகையாகவும் வரும் என்று அந்த நூலும் சொல்லத்தான் செய்கிறது. இருந்தாலும் அட்வெர்புக்கு ஓர் அத்தியாயம், பிரபொசிஷனுக்கு ஓர் அத்தியாயம். இரண்டும் கைகோத்து வரும்போது என்ன நடக்கிறது என்பதை மாணவர் தாமாகவே ஊகிக்க வேண்டும். அப்படி ஊகித்ததன் விளைவுதான் இந்தியாவெங்கும் புழங்கும் 'கோப் அப் வித்'. சரியானது 'கோப் வித்' மட்டுமே. ஆனால் 'கீப் அப் வித்', 'புட் அப் வித்', 'கேட்ச் அப் வித்' என்று வரிசையாகக் கற்ற மூளை, 'கோப்'புக்கும் ஓர் 'அப்' இருக்கும் என்று கணக்குப் போட்டதில் தர்க்கக் குற்றம் எதுவுமில்லை.

வினையடையும் பிரபொசிஷனும் சேரும் இந்த வழக்கின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பேசுகிறவரின் நிலையைச் சொல்லாமல் சொல்வது அதன் பலம். அந்த நிலை கேட்பவருக்குத் தெரியாதபோது அதுவே முட்டுக்கட்டையாகிறது. பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போவது பெரும்பாலும் 'அப்', விலகிப் போவது 'டவுன்'. வரைபடத்தில் ஸ்காட்லாந்து மேலே இருந்தால் என்ன, அங்கிருந்து லண்டன் வரும் வண்டி 'அப்' வண்டிதான். ஒரு விதிவிலக்கு, டெர்பியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மிட்லண்ட் ரயில்வே. அதற்கு டெர்பிதான் 'அப்'. தலைமை எங்கேயோ அங்கேதான் உச்சி. நம் ரயில்வேயும் இந்த அப்-டவுன் வழக்கை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ படிக்கப் போவது 'அப்', பருவம் முடிந்து கிளம்புவது 'டவுன்', 'சென்ட் டவுன்' என்றால் துரத்திவிட்டார்கள் என்று பொருள். ஆக, லண்டன் பாடிங்டன் நிலையத்தில் 'டவுன்' வண்டி ஏறும் மாணவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு 'அப்' போகிறார்!

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரை பாஸ்டனுக்கு வடகிழக்கே இருந்தும் 'டவுன் ஈஸ்ட்' என்றே பெயர் பெற்றது. பாஸ்டனிலிருந்து பாய்க்கப்பல்கள் காற்றுப் போக்கிலேயே அங்கே சென்றதுதான் காரணம். திரும்புவது எதிர்காற்று என்பதால் 'அப் டு பாஸ்டன்'. பாய்மரக் காலம் மலையேறியும் சொல் இறங்கவில்லை. கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட கிழக்குக் கரையை 'பேக் ஈஸ்ட்' என்கிறார். அவர் அங்கிருந்து வந்தவரல்லர், நாட்டின் குடியேற்றம் அங்கிருந்து வந்தது.

இவை வேடிக்கை. 'அவுட் இன் இந்தியா' அவ்வளவு வேடிக்கையில்லை. காலனிக் காலத்து வெள்ளையருக்கு இந்தியாவுக்கு வருவது 'அவுட்', போவது 'ஹோம்'. இங்கே பிறந்து இங்கிலாந்தை ஒருமுறையும் பாராத குழந்தைகளும் படிப்புக்கு 'ஹோம்' அனுப்பப்பட்டார்கள். இத்தனை கோடிப் பேர் வாழும் நிலம் ஒருவருக்கு 'வெளி'யாகத் தெரிவது அவரவர் பார்வை. அந்தப் பார்வை வினையடைக்குள் ஒளிந்துகொண்டு நடுநிலைத் தகவல்போல உலாவுவதுதான் சிக்கல். வெளிப்படையாகச் சொன்ன கருத்தை மறுக்கலாம். 'அவுட்'டை யார் மறுப்பது?

வெற்றுச் சதை போடுவது இன்னொரு குறை, சிறியது. 'ஹெட் ஆன் ஓவர் டு அவர் ஸ்டோர்' என்னும் விளம்பரத்தில் 'ஆன்', 'ஓவர்' இரண்டும் எந்தத் திசையையும் காட்டவில்லை, தோளில் கைபோட்டு அழைப்பதுபோல் ஒரு பாவனை மட்டுமே. நண்பர் பேச்சில் அது இதம், அறிவிப்பில் அது போலி. ஆனால் நடைத்தூய்மை பேசுவோர் இதைவிட அதிகமாகப் பாய்வது 'ஆஃப் ஆவ்' மீது. மேசையிலிருந்து எடு என்பதற்கு 'ஆஃப் ஆவ் த டேபிள்' என்று அமெரிக்கர் சொன்னால், அந்த 'ஆவ்' எதற்கு என்று சீறுவார்கள். அதே அச்சில் வார்த்த 'அவுட் ஆவ்' மட்டும் அவர்கள் கண்ணில் படாது. ஷேக்ஸ்பியரே 'ஆஃப் ஆவ்' எழுதியிருக்கிறார். இது வழக்கா, தர்க்கமா என்றால் வழக்குதான். அப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம், இலக்கணக் குற்றம் என்று வேஷம் கட்ட வேண்டியதில்லை.

எழுத்தில் வரும் தொல்லை தனி. சில இணைகள் ஒட்டிக்கொண்டு 'இன்டு', 'ஆன்டு' என ஒரே சொல்லாகிவிட்டன. சில இடங்களில் பிரிந்தே நிற்க வேண்டும். குற்றவாளி போலீசில் சரணடைந்தார் என்பதற்கு 'டர்ன்ட் ஹிம்செல்ஃப் இன் டு த போலீஸ்' என்று இடம்விட்டு எழுத வேண்டும். இடம்விட மறந்து 'இன்டு' என்று சேர்த்துவிட்டால், அவர் போலீசாகவே மாறிவிடுவார்.