மூழ்கிய நகருக்கு ஒரு வரைபடம்

ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2010இல் நிண்டெண்டோ டி.எஸ். கருவிக்காக வெளியிட்ட ‘எட்ரியன் ஒடிசி 3: தி டிரவுண்ட் சிட்டி’ என்ற கேமை நயந்து பேச வேண்டுமானால் அதன் கீழ்த் திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேல் திரையில் நாம் நடக்கும் பாதாளக் காடு தெரியும். கீழ்த் திரையில் வெறும் கட்டங்கள் மட்டுமே இருக்கும். நடந்த வழியைக் கருவியோடு வரும் குச்சியால் அந்தக் கட்டங்களில் நாமே வரைந்துகொள்ள வேண்டும். சண்டை, ஆயுதம், மாயவித்தை என்று இவ்வகைக் கேம்களில் வழக்கமாக இருக்கும் எல்லாம் இதிலும் உண்டு. ஆனாலும் இதன் உயிர் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது.

கதை நடக்கும் ஆர்மோரோட் ஒரு துறைமுக நகரம். நூறு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் அதன் ஒரு பகுதி கடலுக்குள் போய்விட்டது. அதைத் தேடித்தான் நம்முடைய ஐந்து பேர் கொண்ட குழு இறங்குகிறது. திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் கோணமலையின் அடியில் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கே சுழியோடி அவற்றைக் கண்டார்கள். தெட்சண கைலாசம் எனப்படும் அக்கோயிலின் ஒரு பகுதி தண்ணீருக்குக் கீழே இருக்கிறது என்பதைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆர்மோரோட்டின் கதையில் வரும் ஏக்கம் இங்குள்ளவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

வரையும் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். ஓர் அடி வைத்தால் ஒரு கட்டம் நகர்கிறோம். நடந்த தரைக்கு நிறம் பூசும் வேலையைக் கேமே பார்த்துக்கொள்ளும். சுவர் மட்டும் நம் பொறுப்பு. வலப்பக்கம் சுவர் என்றால் ஒரு கோடு இழுக்கிறோம். கதவுக்கும் படிக்கட்டுக்கும் புதையல் பெட்டிக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு, அவற்றை எடுத்து வைக்கிறோம். ஒரு தளம் முடியும் நேரத்தில் படத்தைப் பார்த்தால், நாலு பக்கமும் அறைகள் சூழ நடுவில் சில கட்டங்கள் வெறுமையாக நிற்கும். இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய தளத்தில் அந்த இடம் ஏன் மிஞ்சியது என்று யோசித்து, பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டே போனால் ஒரு குறுக்குவழி திறக்கிறது. கடலுக்குப் போகும் மீனவர் கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் ஒரே நேரில் சேர்த்துப் பார்த்துத் தன் இடத்தை அறிவதைப்போல, இங்கே நாம் வரைந்த கோடுகளே நமக்கு வழி சொல்கின்றன. கண்டுபிடித்தது நாமே என்ற நிறைவை இந்த அளவுக்குத் தரும் கேம்கள் மிகக் குறைவு.

அடுத்த நயம் ‘எஃப்.ஓ.ஈ.’ எனப்படும் பெரும் விலங்குகள். சாதாரண எதிரிகள் எதிர்பாராமல் தாக்குவார்கள். இவை முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும், வரைபடத்திலும் தெரியும். நாம் ஓர் அடி வைத்தால் அவையும் ஓர் அடி வைக்கும். வேறொரு சண்டையில் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடியாக நெருங்கி, சண்டையின் நடுவிலேயே வந்து சேர்ந்துவிடும். ஆகவே அவற்றோடு மோதாமல், நடையைக் கவனித்து, அடியை எண்ணி, பின்னால் நழுவிப் போகப் பழகுகிறோம். வலிமை இல்லாதவனும் புத்தியால் கடக்கலாம் என்று இந்தக் கேம் இடம் கொடுக்கிறது.

குழு முழுவதும் மடிந்தால் கடைசியாகப் பதிந்து வைத்ததற்குப் பின் கிடைத்த எல்லாம் போய்விடும். அப்போதும் வரைபடத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று கேம் கேட்கிறது. பொருளும் பலமும் போகட்டும், அறிந்தது போகக்கூடாது என்ற அந்த ஒற்றைக் கேள்வியில் இதை ஆக்கியவர்களின் மனம் தெரிகிறது.

யூசோ கோஷிரோவின் இசை பழைய கணினிகளின் மின்னொலியை நினைவூட்டும். முதல் காட்டின் இசை நீரோட்டம்போல் இலேசாக ஓடும், சண்டையில் சட்டென்று முறுக்கேறும். யூஜி ஹிமுகாய் வரைந்த முகங்களும் அழகு. குழுவில் சேர்க்கக்கூடியவர்களில் இளவரசியும் கடற்கொள்ளையரும் இருக்க, விவசாயியும் ஒருவர் இருக்கிறார். சண்டையில் அவர் மெலிந்தவர்தான். ஆனால் காட்டில் பறித்தும் தோண்டியும் சேர்ப்பதில் அவர்தான் கைகாரர், கடைக்கு விற்க அவர் கொண்டுவருவதுதான் முதல் நாட்களில் நம் வருமானம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு திறன் எவ்வளவு கூடுதல் பலம் தரும் என்பதைக் கேம் எண்ணில் சொல்வதில்லை. தவறான திறனில் புள்ளிகளைப் போட்டுவிட்டு மாற்ற நினைத்தால், அந்த ஆள் சில நிலைகளை இழக்க வேண்டும். தண்டனை பெரிது, அதற்கு முன் எச்சரிக்கையும் போதாது. சில தளங்களின் தலைமை விலங்கை வெல்ல, முன்பு கடந்த இடங்களிலேயே திரும்பத் திரும்பச் சண்டை போட்டுப் பலம் ஏற்ற வேண்டியிருக்கிறது, அங்கே வரைபட இன்பம் வற்றிவிடுகிறது. நாம் உருவாக்கும் ஐவருக்கும் முகம் உண்டு, பெயரை நாம் வைக்கிறோம், ஆனால் அவர்களுக்கென்று ஒரு சொல் இல்லை. மனிதரைத் தேடிக் கதை படிப்பவருக்கு இது வறட்சியாக இருக்கும்.

இந்த மூன்றாம் பாகத்துக்கே உரிய கடற்பயணம் நல்ல எண்ணம், அரைகுறை ஆக்கம். கப்பலில் ஏற்றிய உணவு தீரும்வரைதான் நகரலாம், தீர்ந்தால் துறைமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். உணவை அளந்து வழியைத் திட்டமிடுவது இனிமை. ஆனால் ஒவ்வொரு முறையும் துறைமுகத்திலிருந்தே புறப்பட வேண்டியிருப்பதால், தெரிந்த நீர்ப்பரப்பையே பலமுறை கடந்து அலுக்கிறது. காட்டில் இருக்கும் செறிவு கடலில் இல்லை.

ஆனாலும் என் தீர்ப்பில் தயக்கமில்லை. பாதாளக் காட்டுக் கேம்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த மூன்றாம் பாகத்திலிருந்தே தொடங்கலாம். முதல் இரு பாகங்களோடு இது 2023இல் ஸ்விட்ச் கருவிக்கும் கணினிக்கும் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது, கடினத்தைக் குறைத்துக்கொள்ளவும் அதில் வழியுண்டு. சண்டையை எளிதாக்கிக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. சுவர்க் கோட்டை மட்டும் உங்கள் கையாலேயே போடுங்கள்.