பேசாத நோயாளிகள், ஒளிக்காத தவறுகள்

கன்று ஈனும் பசுவுக்கு உதவுவது எப்படி என்று கற்பிக்கும் ஒரு பாடநூல். அதில் ஒரு படம். தொழுவத்தின் தரை பளபளக்கிறது. மருத்துவரின் வெள்ளை அங்கியில் ஒரு கறை இல்லை. சுற்றி நிற்பவர் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இந்தப் படத்தை நினைத்துக்கொண்டே ஓர் இளம் கால்நடை மருத்துவர் பனிக்கால இரவொன்றில் கூழாங்கல் பாவிய தொழுவத் தரையில், சாணமும் குருதியும் கலந்த ஈரத்தில் குப்புறப் படுத்திருக்கிறார். கதவு வழியே வீசும் பனித்துகள் அவருடைய வெற்று முதுகில் படிகிறது. தோள்வரை பசுவின் உடலுக்குள் இருக்கும் கை மரத்துப்போய்விட்டது. உள்ளே கன்றின் தலை பின்புறமாகத் திரும்பிக் கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் கிழவர் ஒருவர், வேறொரு மருத்துவர் இதைவிட எவ்வளவு கெட்டிக்காரர் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் கன்று உயிரோடு வெளிவருகிறது. ஏதாவது குடிக்கக் கொடுக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்க, மருத்துவர் மனம் குளிர்ந்து நன்றி சொல்கிறார். தமக்கன்று, பசுவுக்குத்தான் தண்ணீர் என்பது பிறகே தெரிகிறது!

ஜேம்ஸ் ஹெரியட் எழுதிய "ஆல் கிரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்" என்ற ஆங்கில நூல் இப்படித் தொடங்குகிறது. பெரியதும் சிறியதுமான எல்லா உயிர்களும் என்பது தலைப்பின் பொருள். நூலகங்களில் இதை நகைச்சுவை, வாழ்க்கை வரலாறு ஆகிய வரிசைகளில் வைப்பார்கள். அறிவியல் வரிசையிலும் இதற்கு ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து. அந்த இடத்துக்கு இது எவ்வளவு தகுதி உடையது, எங்கே குறைவுபடுகிறது என்று இங்கே பார்ப்போம்.

நூலும் ஆசிரியரும்

ஹெரியட் என்பது புனைபெயர். இயற்பெயர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட். 1916-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ நகரில் வளர்ந்து, அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1939-இல் தேறினார். மறு ஆண்டு யார்க்‌ஷயர் பகுதியில் தர்ஸ்க் என்ற சிற்றூருக்கு உதவி மருத்துவராக வந்தவர், தொழில் செய்த காலமெல்லாம் அந்த வட்டாரத்திலேயே இருந்துவிட்டார். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் முதல் நூல் வெளிவந்தது. மருத்துவர் தம்மைத் தாமே விளம்பரம் செய்துகொள்வதைத் தொழில் நெறி தடுத்ததால் புனைபெயர் தேவைப்பட்டது. 1970-இலும் 1972-இலும் வந்த இரு சிறு நூல்களைச் சேர்த்து, 1972-இல் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்புதான் மேலே சொன்ன தலைப்பைப் பெற்றது. 1978-இல் பி.பி.சி. இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. ஆசிரியர் 1995-இல் காலமானார். 2020-இல் புதிய தொடர் ஒன்றும் வந்தது.

நூலில் தர்ஸ்க் என்ற பெயர் இல்லை. டாரோபி என்ற கற்பனை ஊர் இருக்கிறது. ஆசிரியர் அங்கு வந்து சேர்ந்த காலத்தையும் போருக்கு முந்திய ஆண்டுகளுக்கு நகர்த்தியிருக்கிறார். ஆகவே இது நாட்குறிப்பு அன்று. நடந்தவற்றைக் கதையாக்கிச் சொன்னது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

ஆட்டுத்தோலின் வெற்றி

ஹெரியட்டின் முதல் நூலுக்கு, அவற்றால் பேச முடிந்தால் என்று பொருள்படும் தலைப்பு இருந்தது. எங்கே வலிக்கிறது என்று மாடு சொல்லாது. நேற்று என்ன தின்றது என்று நாய் சொல்லாது. வெப்பமானி, இதயத்துடிப்பைக் கேட்கும் குழாய், தடவிப் பார்க்கும் விரல்கள் ஆகியவையே மருத்துவரின் சாட்சிகள். இயற்பியல் படிப்பவருக்கும் நிலைமை இதுதான். ஊசலும் மின்சுற்றும் வாய்திறந்து எதையும் சொல்வதில்லை. சரியான கேள்வியைச் சரியான கருவியால் கேட்டாலன்றி விடை கிடைக்காது. கேட்டவர் தவறாகக் கேட்டால் தவறான விடை கிடைக்கும்.

அப்படிக் கிடைத்த தவறான விடைகளை ஹெரியட் மறைக்கவில்லை. நூலின் பெருமை இதில் இருக்கிறது. ஒரு விவசாயியின் பசு கன்று ஈன்றபின் எழ முடியாமல் கிடக்கிறது. சோதித்துப் பார்த்த ஹெரியட், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இனி எழாது, இறைச்சிக்கு விற்றுவிடுங்கள் என்கிறார். விவசாயிக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் உரித்த ஆட்டுத்தோலைப் பசுவின் முதுகில் போர்த்துகிறார். பசு எழுந்துவிடுகிறது! படித்த மருத்துவர் கைவிட்ட பசுவை ஆட்டுத்தோல் காப்பாற்றியது என்ற புகழ் பரவுகிறது. ஹெரியட்டுக்குத் தலைகுனிவு.

இந்த இடத்தில் மாணவ நண்பர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நடந்தவை இரண்டு. ஒன்று, ஹெரியட் கணித்தது தவறு. இரண்டு, தோல் போர்த்திய பிறகு பசு எழுந்தது. இந்த இரண்டையும் சேர்த்து, தோல்தான் பசுவை எழுப்பியது என்று முடிவு கட்டலாமா? தோல் போர்த்தாமலே அது எழுந்திருக்குமா என்பதை அந்த ஒரு பசுவைக் கொண்டு அறிய முடியாது. ஒன்றின் பின் ஒன்று நடந்ததாலேயே முந்தியது காரணம், பிந்தியது விளைவு ஆகிவிடாது. அதே சமயம், நாட்டு வைத்தியம் நிரூபிக்கப்படவில்லை என்பதால் பட்டம் பெற்றவர் சொன்னது சரியாகிவிடவும் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டும் இந்தக் கத்தியை ஹெரியட் தம் பக்கமே திருப்பிப் பிடித்திருக்கிறார். எத்தனை ஆய்வாளர்கள் இதைச் செய்வார்கள்?

சொல்லாமல் விட்ட கணக்கு

இனி குறைக்கு வருவோம். ஹெரியட்டின் கதைகளில் பால் காய்ச்சல் அடிக்கடி வருகிறது. கன்று ஈன்ற ஓரிரு நாளில் நல்ல கறவைப் பசு திடீரென்று படுத்துவிடும். தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். காது சில்லிட்டுவிடும். பெயர்தான் காய்ச்சல், உடல் வெப்பம் உண்மையில் குறைந்தே இருக்கும். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இறந்துவிடும். கால்சியக் கரைசலை ஊசி வழியே செலுத்தினால், சற்று முன் சாகக் கிடந்த பசு எழுந்து நின்று தீனி தேடும். பார்ப்பவர் மந்திரம் என்பார். ஹெரியட்டும் அந்த வியப்போடு நம்மை விட்டுவிடுகிறார்.

ஆனால் இதன் பின்னே எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 2.3 கிராம் கால்சியம் உண்டு. 10 லிட்டர் கறந்தால் 23 கிராம். பசுவின் இரத்த நீர் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் கால்சியமோ 3 கிராமுக்கும் குறைவு. கையிருப்பைப் போல எட்டு ஒன்பது மடங்கு ஒரே கறவையில் வெளியேறுகிறது! எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் அதே வேகத்தில் கால்சியம் வந்து சேராவிட்டால் தசைகள் வேலை செய்ய மறுக்கின்றன. ஊசி மருந்து அந்தப் பற்றாக்குறையை உடனே நிரப்புகிறது. அதையும் மெதுவாகத்தான் செலுத்த வேண்டும். விரைந்து ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும்.

வரலாறு இன்னும் சுவையானது. கால்சியக் குறைவே காரணம் என்ற கருத்தை ஸ்காட்லாந்தில் டிரையர், கிரெய்க் என்ற இருவர் 1925-இல் முன்வைத்தனர். அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டென்மார்க்கிலிருந்து ஒரு முறை பரவியிருந்தது. பசுவின் மடிக்குள் பம்பு கொண்டு காற்றை அடைத்தார்கள். பெரும்பாலான பசுக்கள் பிழைத்தன. மடியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்ற தவறான எண்ணத்தில் தொடங்கிய சிகிச்சை இது. உண்மையில் காற்றின் அழுத்தம் பால் சுரப்பதைத் தடுக்கவே, கால்சியம் இரத்தத்தில் தங்கியது.

இதை ஆட்டுத்தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றடைத்தவர்கள் சொன்ன காரணமும் தவறுதான். ஆனால் ஒரு பசுவில் கண்டதை ஊர் ஊராக எண்ணற்ற பசுக்களில் செய்து பார்த்தார்கள். முன்பு இறந்தவை எத்தனை, இப்போது இறப்பவை எத்தனை என்று எண்ணினார்கள். விளக்கம் பின்னால் வந்தது. சான்று முன்னரே இருந்தது. ஆட்டுத்தோலுக்கு ஒரு பசுவின் கதை மட்டுமே சான்று. ஹெரியட் இரண்டு பக்கம் ஒதுக்கி இதைச் சொல்லியிருந்தால் நகைச்சுவை குறைந்திருக்காது. வியப்பு அறிவாக வளர்ந்திருக்கும்.

மில்லிமீட்டரின் பெருமை

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. மாடுகளுக்குக் காசநோய் உண்டா என்று பார்க்கும் சோதனையை ஹெரியட் சலிப்பூட்டும் வேலையாகவே காட்டுகிறார். முரட்டு மாடுகள் உதைக்கின்றன, ஓடுகின்றன, நாம் சிரிக்கிறோம். சோதனையின் நுட்பம் சிரிப்பில் மறைந்துவிடுகிறது.

மாட்டின் கழுத்தில் மயிரைக் கத்தரித்து, தோலின் தடிப்பை அளக்கும் இடுக்கியால் அளப்பார்கள். பிறகு டியூபர்குலின் என்ற பொருளைத் தோலுக்குள் ஊசியால் செலுத்துவார்கள். 72 மணி நேரம் கழித்து மீண்டும் அளப்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்பதே கேள்வி. தோல் இயல்பாகவே மாட்டுக்கு மாடு வேறுபடும். ஆகவே தடிப்பைவிடத் தடிப்பின் மாற்றமே முக்கியம். சோதனையின் வளர்ந்த வடிவில் இரண்டு இடங்களில் ஊசி போடுவார்கள்: ஒன்றில் மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது, மற்றொன்றில் பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது. இரண்டின் வீக்கத்தையும் ஒப்பிட்டால்தான் உண்மை நோய் தெரியும். ஆய்வுக்கூடத்தில் நாம் ஒப்புச் சோதனை என்று சொல்வது தொழுவத்திலேயே நடக்கிறது.

அக்காலப் பிரிட்டனில் காய்ச்சாத பால் வழியே மாட்டுக் காசநோய் மனிதரைப் பிடித்தது. குழந்தைகள் பெரிதும் துன்புற்றனர். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கியதும், இத்தகைய சோதனைகளில் சிக்கிய மாடுகளை மந்தையிலிருந்து விலக்கியதும் அந்தக் கொடுமையை அடக்கின. 1960 அளவில் நாடு முழுவதும் மந்தைகள் இத்திட்டத்தின் கீழ் வந்தன. மாடுகளில் அந்நோய் பிற்காலத்தில் மீண்டும் தலைதூக்கியது வேறு கதை. நள்ளிரவில் ஒரு கன்றைக் காப்பது வீரம். நம் நெஞ்சைத் தொடுகிறது. பகலில் நூறு மாடுகளின் கழுத்தை அளந்து எழுதுவதில் கதை இல்லை. ஆனால் யார் பெற்ற குழந்தை என்று தெரியாத எத்தனையோ குழந்தைகளை அந்த அளவுகள் காத்தன. தாம் செய்த வேலைகளுள் மிகப் பெரியதை ஆசிரியர் மிகச் சிறியதாக எழுதிவிட்டார் என்றே சொல்வேன்.

முடியாது என்று அறிதல்

இவ்வளவு சொன்ன பிறகும் நூலை மூடிவைக்க மனம் வருவதில்லை. ஏழை முதியவர் ஒருவருக்குத் துணையாக ஒரு கிழட்டு நாய் மட்டுமே உண்டு. அதன் வயிற்றில் அறுத்து எடுக்க முடியாத கட்டி. வலியின்றி உறங்கச் செய்வதைத் தவிர வழியில்லை என்று ஹெரியட் சொல்கிறார். அவர் கையாலேயே அது முடிகிறது. பணம் வாங்க மறுத்து வெளியே வந்தவரை முதியவர் அழைத்து, நெடுநாளுக்கு முன் ஏதோ ஒரு கொண்டாட்டத்தில் மிஞ்சிய சுருட்டு ஒன்றைக் கொடுக்கிறார். மருத்துவம் எதையும் சாதிக்காத கதை இது. முடியாது என்பதை உறுதியாக அறிவதும், அறிந்ததை மறைக்காமல் அன்போடு சொல்வதும் ஒரு மருத்துவருக்குக் கடினமான பாடங்கள் என்பதை இதைவிட எளிதாகச் சொன்ன பக்கங்களை நான் படித்ததில்லை.

ஆங்கிலம் எளியது. விவசாயிகளின் பேச்சு மட்டும் யார்க்‌ஷயர் வட்டார வழக்கில் இருப்பதால் முதலில் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். அத்தியாயங்கள் சிறியவை. நாளுக்கு ஒன்று போதும்.

இந்த நூல் என்னைச் சுட்ட இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் தனி ஊசல் சோதனை செய்து, புவியீர்ப்பு முடுக்கம் 9.5 என்று எழுதிக் கொண்டுவந்தார். தவறு, திரும்பச் செய் என்று சிவப்பு மையில் எழுதினேன். மறுநாள் 9.79 என்று வந்தது. அவர் ஊசலைத் தொடவே இல்லை என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

60 சென்டிமீட்டர் ஊசலில் நூலை மட்டும் அளந்து, கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்த 1.8 சென்டிமீட்டரை விட்டுவிட்டால் 9.8 என்பது 9.5 ஆகிவிடும். அவருடைய தவறு அதுவாகவே இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீளம் என்றால் என்ன என்பதை அன்றே கற்றிருப்பார். நான் அவருக்குக் கற்பித்தது பளபளக்கும் தரையும் கறையில்லாத அங்கியும் உள்ள படத்தை வரைவதற்குத்தான். இன்று யாராவது 9.5 கொண்டுவந்தால் சிவப்பு மையை எடுப்பதில்லை. ஊசலுக்குப் பக்கத்தில் போய் நின்று, எப்படி அளந்தாய், காட்டு பார்ப்போம் என்கிறேன்.