காட்டுநடைத் தலைமை

ஆஸ்திரேலியரின் காட்டுநடைக்கு நூறாண்டு கடந்த சரித்திரம் உண்டு. சிட்னியில் மைல்ஸ் டன்ஃபி முதலியோர் 1914-இல் மலைவழிக் கழகத்தைத் தோற்றுவித்ததும், 1927-இல் ‘சிட்னி புஷ்வாக்கர்ஸ்’ என்ற சங்கம் எழுந்ததும், சிட்னியை அடுத்த நீலமலையின் குரோஸ் பள்ளத்தாக்கிலே ‘புளூ கம்’ என்னும் தைலமர இனம் ஓங்கி வளர்ந்த காடொன்றை, வால்நட் தோப்பு வைப்பதற்காக ஒருவர் வெட்டவிருந்த தருணத்தில், காட்டுநடையர் 130 பவுன் திரட்டிக் கொடுத்து 1930-களின் தொடக்கத்தில் மீட்டுக்கொண்டதும் அச்சரித்திரத்தின் பெருமைக்குரிய பகுதிகள். அக்காலத்தில் ஒரு கூட்டத்தைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று மீளும் தலைமையை எவரும் வகுப்பறையில் பயிலவில்லை. மூத்தவர் ஒருவரின் பின்னே பல பருவங்கள் நடந்து, அவர் எங்கே நின்றார், எதைக் கண்டு திரும்பினார் என்று கவனித்தே பயின்றார்கள். இன்றோ அத்தலைமை தொழிற்கல்வித் திட்டத்தில் ஒரு பாடமாகி, குறியிட்ட பாதைக்கு ஒன்று, பாதையற்ற காட்டுக்கு மற்றொன்று என்று பிரிவும் பெற்று, பரீட்சைக்கு உரியதாகிவிட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான சாகச நடவடிக்கை நியமங்களும் 2019-இல் வெளிவந்தன. இம்மாற்றத்தால் விளைந்தது லாபமா நஷ்டமா என்பது விசாரிக்கத்தக்கது.

லாபத்தை முதலில் சொல்லிவிடுவது நியாயம். குருவின் பின்னே நடந்து கற்கும் முறையில், அவருடைய அறிவோடு அறியாமையும் சீடனுக்கு வந்து சேர்ந்துவிடும். பாம்புக்கடி இதற்கு நல்ல உதாரணம். கடிவாயைக் கீறி உறிஞ்சுவதும், அதற்கு மேலே கயிற்றால் இறுக்குவதும் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குப் பூரண நம்பிக்கையோடு கற்பித்த வைத்தியம். கடிபட்ட கையையோ காலையோ அகலமான துணிக்கட்டினால் முழுவதும் அழுத்திச் சுற்றி, மட்டை வைத்து அசையாமல் நிறுத்தினால் விஷம் பரவுவது தாமதப்படும் என்பதை 1970-களின் பிற்பகுதியில் மெல்போர்னில் ஸ்ட்ரூவன் சதர்லாந்து என்ற ஆராய்ச்சியாளர் நிலைநாட்டினார். (தசையை அழிக்கும் விரியன் விஷத்துக்கு இம்முறை ஏற்றதன்று என்பதை நம் வாசகர்கள் மறக்கலாகாது.) இத்தகைய புதிய அறிவு, கிழவர்களின் பிடிவாதத்தைக் கடந்து, ஊர்தோறும் உள்ள இளைஞர் கைக்கு விரைவில் எட்டவேண்டுமானால், பொதுவான பாடமும் அதை வற்புறுத்தும் பரீட்சையும் இருந்தே தீரவேண்டும்.

பாதைகளை ஐந்து தரமாகப் பிரித்து அறிவிப்பதும் அவ்வாறே உபகாரமானது. முதல் தரம், துணையோடு சக்கர நாற்காலியிலும் செல்லத்தக்க, 5 கிலோமீட்டருக்கு மேற்படாத வழி. மூன்றாந் தரம், படிகளும் சிறு செங்குத்துகளும் கலந்து 20 கிலோமீட்டர் வரை நீளக்கூடியது. நான்காந் தரத்தில் வழிசொல்லும் பலகைகளே அருகிவிடும். தலைமை பயில்பவர் பாதையின் தரத்தோடு தம் கூட்டத்தாரின் சக்தியை ஒப்பிட்டு நேரத்தைக் கணக்கிடவேண்டும். அதற்கு உதவுவது, 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த சூத்திரம்: தூரத்திற்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி; ஏற்றத்திற்கு, 600 மீட்டருக்கு மேலும் ஒரு மணி. 10 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு மூன்று மணி என்று விடை வரும். கணக்கில் பிழையில்லை, ஆனால் அது பழகிய கால்களுக்காக இயற்றப்பட்ட கணக்கு. புது பூட்ஸ் கடித்துக் கொப்புளம் எழுந்தவரும், திருப்பந்தோறும் நின்று படம் எடுப்பவரும், தண்ணீர் கொண்டுவராமல் பிறர் புட்டியைப் பார்ப்பவரும் அதில் அடங்கவில்லை. நீலமலையில் ஜூன் மாதத்துச் சூரியன் மாலை ஐந்து மணியளவில் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ணினால், மூன்று மணி வழிக்கு ஐந்து மணி ஒதுக்காதவர் பரீட்சையில் தேறியும் தலைமைக்குத் தகுதி பெறவில்லை என்பேன்.

இக்கல்வியின் அடிப்படைக் குறையாக எனக்குத் தோன்றுவது, குறியிட்ட பாதை எளிய பாதை, ஆதலால் அதற்குரிய தலைமையும் எளிய தலைமை என்ற அனுமானம். குறி உண்மையில் திசையை மட்டுமே சொல்லும். 2022 ஏப்ரலில், பெருமழைகளை அடுத்து, நீலமலையின் வென்ட்வொர்த் பாஸ் என்னும் பலரும் அறிந்த பாதையில் பாறை சரிந்து இருவர் உயிரிழந்தனர். மலையின் உள்நிலையைப் பலகை எப்படி அறியும்? அன்றியும், பாதை தெளிவாக இருப்பதனாலேயே கூட்டம் சிதறுகிறது. வேகமானவர் முன்னே போய்விடுவார், தளர்ந்தவர் பின்தங்குவார், நடுவிலிருக்கும் தலைவர் இரு பக்கத்தையும் இழப்பார். அதே நீலமலையில் 2006 டிசம்பரில், பெரியவர் துணையின்றி நடந்த மூன்று மாணவர்களுள் 17 வயதுப் பையன் ஒருவன், தண்ணீர் தீர்ந்து, தோழர்களைப் பிரிந்து, 000 என்ற அவசர எண்ணுக்குப் பன்முறை பேசியும், தெருவின் பெயரைச் சொல் என்றே கேட்கப்பட்டு, தாகத்தால் இறந்தான். இந்த மரணத்தைப் பற்றிய விசாரணை 2009-இல் அவ்வவசர சேவையைக் கடுமையாகக் கண்டித்தது. செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிவிக்கும் கருவியை இன்று அங்கே நடையர்களுக்கு இலவசமாகவே இரவல் தருகிறார்கள், பாராட்டத்தக்க ஏற்பாடுதான். எனினும் கிளைவழி தோறும் எல்லாரும் வந்து சேரும்வரை நிற்பதும், தலையெண்ணிய பிறகே மேலே நடப்பதும், அக்கருவிக்கு வேலை வைக்காத பழைய சம்பிரதாயங்கள்.

சுற்றுச்சூழல் விஷயத்தில் இக்கல்வி இன்னும் பலவீனமானது. குப்பையைத் திரும்பக் கொண்டுவா, நீர்நிலைக்கு 100 மீட்டர் அப்பால் 15 சென்டிமீட்டர் குழி தோண்டி மலங்கழி, பாதையை விட்டு விலகாதே என்பன போன்ற விதிகள் நல்லவையே. ஆனால் காரணமின்றி மனப்பாடமாகும் விதிகள் ஒன்றோடொன்று மோதும்போது மாணவர் திகைத்துப் போவார். பாதையில் சேறு தேங்கியிருந்தால் அதைச் சுற்றிப் போகாமல் ஊடே நட என்கிறது ஒரு விதி. சுற்றிச் சுற்றி நடந்தால் பாதை அகன்று இருமருங்குச் செடிகளும் மிதிபடும் என்பது அதன் காரணம். ஈரமண்ணைப் பூட்ஸில் ஒட்டவிடாதே என்கிறது மற்றொன்று. ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர் அம்மண்ணோடு பயணம் செய்து, பாங்க்ஸியாவையும் புல்மரத்தையும் வேரழுகச் செய்து, நீரிருந்தும் குடிக்கவியலாமல் மடியவைக்கிறது. ஒருமுறை காட்டில் புகுந்தபின் அதை வேரோடு ஒழிக்க வழியில்லை. நோய் பரவிய பிரதேசத்தில் மழைக்காலத்து நடையையே கைவிடுவது உத்தமம். நோயில்லாத இடத்தில் சேற்றை மிதித்தே போகலாம். இரண்டிடத்தும் நுழைவாயிலில் பூட்ஸைச் சுத்தம் செய்தாக வேண்டும். எந்த இடம் எத்தகையது என்று அறிந்து தீர்மானிப்பதன்றோ பொறுப்பு? விதிப்பட்டியலை ஒப்பிப்பது அதற்கு ஈடாகாது. தம் பணத்தைக் கொடுத்துக் காட்டை மீட்டவர்களின் பற்று, பிற்காலத்தில் இத்தகைய நடத்தைக் குறிப்புகளாகச் சுருங்கிப்போனது வருந்தத்தக்கது.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அபாய மதிப்பீடு, மருத்துவக் குறிப்பு, பிரயாணத் திட்டம் ஆகிய படிவங்கள் விபத்து நேர்ந்தால் தேடுவோருக்கும் நீதிமன்றத்துக்கும் பயன்படும். வேண்டாம் என்பார் பேதையர். ஆனால் மேகம் திரண்டுவர, சிகரம் அரைமணித் தூரத்தில் தெரிய, கூட்டம் முழுவதும் போகலாம் என்று முழங்கும்போது, திரும்புவோம் என்று சொல்லி அனைவருடைய மனஸ்தாபத்தையும் ஏற்கும் துணிவுக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. பரீட்சகர் முன்னிலையில் நடைபெறும் நடை பெரும்பாலும் முடிவிடத்தை அடைந்துவிடும் நடையாக இருப்பதனால், பாதியில் திரும்பும் கலை அங்கே சோதிக்கப்படுவது அபூர்வம்.

ஆகவே பழைய முறைக்கே மீளவேண்டும் என்பதன்று என் அபிப்பிராயம்; சான்றிதழும் இருக்கட்டும், சீடத்துவமும் இருக்கட்டும். பாடத்தில் தேறியவர், உடனே வரிசையின் முதலாளாக நிற்காமல், ஏதேனும் ஒரு நடைக்கழகத்தில் ஒரு வருஷமேனும் வரிசையின் கடைசியாளாக நடக்கவேண்டும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் காலை இழுக்கிறார், எந்த இடத்தில் பாதை அகன்று செடி மிதிபடுகிறது என்பதெல்லாம் கடைசியில் வருபவர் கண்ணுக்கே புலப்படும். அந்த ஓராண்டு நடையைச் சான்றிதழின் நிபந்தனையாக்குமாறு பயிற்சி நிலையங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.