உடைப்பவரும் கோப்பவரும்

நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் விமான எரிபொருள் வடிக்கும் கலைக்கு ஜெர்மனியின் மூல்ஹைம் நகரமே தாய்வீடு. 1920-களில் அங்கே பிரான்ஸ் பிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும், நிலக்கரியிலிருந்து கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவையை இரும்பு, கோபால்ட் வினையூக்கிகளின் மேல் செலுத்தினார்கள். கார்பன் அணுக்கள் சங்கிலியாகச் சேர்ந்தன. ஆனால் சங்கிலி எந்த நீளத்தில் நிற்கவேண்டும் என்று வினையூக்கிக்குக் கட்டளையிட முடியாது. விமானத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 8 முதல் 16 கார்பன் வரை. உலை தருவதோ வாயு முதல் மெழுகு வரை அத்தனையும். இந்தச் சிக்கலுக்குத் தேடிய விடையில்தான் வழிகள் பிரிந்தன.

1993-இல் மலேசியாவின் பிந்துலுவில் ஆலை தொடங்கிய ஷெல், கோபால்ட்டைக் கொண்டு வேண்டுமென்றே கனமான மெழுகாக வளர்த்து, பிறகு ஹைட்ரஜன் சூழலில் உடைக்கிறது. இம்மரபின் உச்சம் என்று நான் கருதுவது இதைத்தான். நீண்ட சங்கிலிகள் முதலில் உடைகின்றன, குட்டையானவை தப்புகின்றன; நடுத்தர எண்ணெய் மிகுதியாகச் சேர்கிறது. அதே வினையில் சங்கிலிகள் கிளையும் விடுகின்றன. கிளை இல்லாவிட்டால் பறக்க முடியாது: 12 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்துவிடும், ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலையோ மைனஸ் 47-க்கு மேல் போகக்கூடாது. மெழுகில் கந்தகம் இல்லாததால் பிளாட்டினம் போன்ற உயர் உலோகங்களையும் இங்கே துணிந்து பயன்படுத்தலாம். கச்சா எண்ணெயின் கந்தகம் அவற்றை முடக்கிவிடும். அங்கே நிக்கல்–மாலிப்டினம் சல்பைடுதான் கைகொடுக்கும்.

தென்னாப்பிரிக்காவின் சாசோல் நேர் எதிர்த்திசையில் போனது. செகுண்டாவில் இரும்பு வினையூக்கியும் அதிக வெப்பமும் சேர்ந்து சிறு மூலக்கூறுகளைத் தருகின்றன. அவற்றை அமில வினையூக்கியால் கோத்து மண்ணெண்ணெயாக்குகிறார்கள். இதை வழக்கமான விமான எரிபொருளுடன் பாதியளவு வரை கலக்க 1999-இல் அனுமதி கிடைத்தது.

எரிபொருளின் தரநிலையைப் பற்றிப் பேசும்போது பலரும் தூய்மையைத்தான் புகழ்வார்கள். தூய்மை மட்டும் போதாது. பிஷர்–டிராப்ஷ் மண்ணெண்ணெயில் அரோமாட்டிக் சேர்மங்கள் இல்லாததால் பழைய ரப்பர் வளையங்கள் சுருங்கி எரிபொருள் கசியக்கூடும். அதனால்தான் 2009-இல் வந்த ஏஎஸ்டிஎம் டி7566 தரநிலை, கலவையில் குறைந்தது 8 சதவீத அரோமாட்டிக் கேட்கிறது. புகைக்குக் காரணமான அதே பொருளைத் தரநிலையே கட்டாயமாக்குவது, எந்திரத்தை அறிந்தவர்கள் எழுதிய விதி. சாசோலுக்கு இந்த அரோமாட்டிக் தேவையை நிலக்கரித் தார் முன்பே நிறைவேற்றியிருந்தது. கச்சா எண்ணெய் ஒரு துளியும் சேராத அதன் எரிபொருள் 2008-இல் ஒப்புதல் பெற்றது.