வெள்ளைக் குடையின் கீழ் ஒருத்தி

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கிறது ‘மெஸ்டாக் பனோரமா’. 14 மீட்டர் உயரம், நூறு மீட்டருக்கும் மேலான சுற்றளவு கொண்ட வட்ட ஓவியம். நடு மேடையில் நிற்பவரைச் சுற்றி 1881ஆம் ஆண்டின் ஸ்கேவனிங்கன் கடற்கரை விரிகிறது: கடல், மணல்மேடுகள், கரையேற்றிய மீன்பிடிப் படகுகள், மீனவர் கிராமம். வரைந்தவர் யார் என்பதற்குப் பெயரிலேயே பதில் இருக்கிறது. வடகடலை வாழ்நாளெல்லாம் வரைந்த ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் (1831–1915).

இவ்வளவு பெரிய துணியை ஒருவர் தனியாக நிரப்பவில்லை. குதிரைப்படையை வரைந்தவர் ப்ரைட்னர். கிராமத்தை வரைந்தவர் மெஸ்டாக்கின் மனைவி சீன்ட்யே ஃபான் ஹௌட்டன் (1834–1909).

வங்கித் தொழிலை உதறிவிட்டு 35 வயதில் ஓவியத்துக்கு வந்தவர், 1870இல் பாரிஸ் சலோனில் தங்கப் பதக்கம் வென்றவர் என்று மெஸ்டாக்கின் துணிச்சல் புகழப்படுகிறது. அந்தத் துணிச்சலுக்கு முதல் போட்டது சீன்ட்யேவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்து. ஆனால் சொத்துக்கு உரியவள் அப்போது முழுமையாக ஓவியத்தில் இறங்கவில்லை.

1871இல் அவர்களுடைய ஒரே மகன் இறந்தான். அதன் பிறகுதான், நாற்பதை நெருங்கும் வயதில், சீன்ட்யே முழுமையாக ஓவியத்தில் இறங்கினார். பொட்டல் நிலங்களையும் ஆட்டுக்கொட்டில்களையும் வரைந்தார், கண்காட்சிகளில் வைத்தார். இதைத் ‘துயரத்தில் ஆறுதல் தேடிய தாய்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. வேலையை விட்டு வரைந்தால் ஆணுக்கு அது லட்சியம். மகனை இழந்து வரைந்தால் பெண்ணுக்கு அது மருந்து. இப்படிப் பிரித்துவிட்டால் அவருடைய ஓவியங்களை ஓவியங்களாகப் பார்க்கும் வேலையே மிச்சமாகிவிடுகிறது.

பனோரமாவின் மணற்பரப்பில், வெள்ளைக் குடையின் கீழ் அமர்ந்து வரையும் ஒரு சின்ன உருவம் உண்டு. அது சீன்ட்யே. யாருக்காகவோ உட்கார்ந்திருக்கும் மாடலாக அல்ல, வேலையில் மூழ்கிய ஓவியராகவே அங்கே இருக்கிறார். இது அரிய மரியாதைதான். ஆனாலும் படத்துக்குள் உருவம் கிடைத்தவளுக்குப் படத்தின் பெயரில் இடம் கிடைக்கவில்லை. அவருடைய உழைப்பு காட்சியாகிவிட்டது. கணவரின் உழைப்பு கையெழுத்தாகிவிட்டது.

சீன்ட்யேவுக்குச் சொத்தாவது இருந்தது. அவர் வரைந்த அந்தக் கூரைகளின் கீழ் மீன் விற்றும் வலை செப்பனிட்டும் வாழ்ந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. மேடை ஏறியதும் எல்லாக் கண்களும் கடலைத்தான் தேடும். கொஞ்சம் கடலுக்கு முதுகு காட்டி, ஊர்ப்பக்கம் திரும்பி நின்று பார்ப்போம்.