மலை ஏறாத மலை சைக்கிள்

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய சைக்கிள் ஏதாவது நிற்கிறதா? கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வளைந்த ஹாண்டில்பார், முழு செயின் கவர் போட்ட கறுப்பு சைக்கிள் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதற்கு இப்போது ஏக மவுசு. துடைத்துக் கொடுத்தால் காபி ஷாப்காரர் சுவரில் மாட்டுவார். கல்யாண ஆல்பத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் உட்கார்ந்து போஸ் கொடுப்பார்கள்.

அதுவே நேர் ஹாண்டில்பாரும் குண்டு டயருமாக 90-களில் வந்த ரகம் என்றால்... பாவம்! தாத்தா சைக்கிள் என்று கொண்டாட வயசு பத்தாது. இன்றைய 21 கியர், டிஸ்க் பிரேக் சமாச்சாரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தவும் கூச்சம். நேரே பழைய இரும்புக் கடைதான். ஹெர்குலிஸ் எம்.டி.பி., ஹீரோ ரேஞ்சர் என்று ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அந்த ரகத்துக்குத்தான் இந்த வாரம் வக்காலத்து.

என்னுடையது 1995 மாடல். (கம்பெனி பெயர் வேண்டாம். போகப் போக குறையும் சொல்லப் போகிறேன்.) ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் மில் வேலை அப்பாவுக்கு. அந்த வருஷ தீபாவளி போனஸில், "இதுல மட்கார்டும் இல்ல, கேரியரும் இல்ல. முக்கால்வாசி சைக்கிளுக்கு முழுக் காசா?" என்று முனகிக்கொண்டே வாங்கித் தந்தார். பி.காம் முடித்து 2001-ல் நான் சென்னைக்கு பஸ் ஏற, சைக்கிள் அப்பா கைக்குப் போனது. முதல் வேலையாக வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஒரு கேரியர் வைத்தார். கறுப்பு சைக்கிளின் மட்கார்டை வெட்டி மாட்டினார். பெல், டைனமோ லைட், ஸ்டாண்ட்... முக்கால் சைக்கிள் முழு சைக்கிளாகிவிட்டது!

இந்த ரகத்தின்மீது விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றுதான். பெயரில்தான் மலை, இதை வைத்துக்கொண்டு மலை ஏற முடியாது. கனத்த இரும்பு ஃப்ரேம், பெரும்பாலானவற்றில் கியர் கிடையாது, குண்டு டயர் தார் ரோட்டில் ஆளை இழுக்கும். மூன்றும் நிஜம். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்கு மிதித்தபோது, ஆறாவது மைல் தாண்டுவதற்குள் என் நாக்கு வெளியே வந்தது எனக்குத் தெரியும். இப்போது அந்த ஆசையும் கூடாது. 2021-ல் அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. மலை சைக்கிளுக்கு மலையும் போச்சு.

ஆனால், ஒரு சைக்கிளை அதன் பெயரை வைத்தா எடை போடுவது?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். மதுரை-கொல்லம் நெடுஞ்சாலை. அதில் சைக்கிள் மிதித்த யாரையாவது கேளுங்கள். பின்னால் பஸ் ஏர் ஹாரன் அடித்தால் என்ன செய்வீர்கள்? இறங்கிவிடுவீர்கள். தார் முடிகிற இடத்தில் அரை ஜாண் பள்ளம், அப்புறம் ஜல்லி, மண், கருவேல முள். கறுப்பு சைக்கிளின் ஒல்லி டயர் அந்த விளிம்பில் சறுக்கும். உயரமான சீட்டிலிருந்து சட்டென்று கால் ஊன்றவும் முடியாது. குண்டு டயர் பொத்தென்று இறங்கி, பஸ் போனதும் பொத்தென்று மேலே ஏறும். ஒரு ஷிப்ட்டுக்குப் போய் வருவதற்குள் எத்தனை தடவை அப்படி இறங்கி ஏறியிருப்பார் அப்பா! எங்கள் ஊரின் மலை, தார் ரோட்டின் ஓரம்தான். அதற்கு இதைவிடப் பொருத்தமான சைக்கிள் அந்த விலையில் வேறு வந்ததில்லை. இது என் தீர்ப்பு.

இப்போது ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். பழசைப் புதுப்பிக்கும் வீடியோக்கள் பார்க்கிறீர்கள் அல்லவா? துருவைச் சுரண்டி, பவுடர் கோட்டிங் கொடுத்து, அச்சு அசலாக ஸ்டிக்கர் அடித்து ஒட்டி, கடையில் இருந்தது போலவே நிறுத்திவிடுகிறார்கள். கடையில் நின்றது ஒரு வாரம். ரோட்டில் ஓடியது இருபது வருஷம். அந்த ஒரு வாரத்துக்குத்தான் இத்தனை மரியாதை!

மவுண்டன் பைக் பிறந்த கதையே இதற்கு நேர் எதிர். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில வாலிபர்கள், 1930, 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைக் குப்பை விலைக்குப் பிடித்தார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு மலை உச்சியிலிருந்து இறங்கினார்கள். 1976-ல் அதையே ரேஸாக நடத்தினார்கள். பெயர் 'ரீபேக்'. ஒரே இறக்கத்தில் பின் சக்கர பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பெயர். மலை சைக்கிள் என்பதே பழைய சைக்கிளில் கை வைத்தவர்கள் கண்டுபிடித்ததுதான். அவர்கள் மட்கார்டைக் கழற்றினார்கள். என் அப்பா மாட்டினார். இரண்டும் ஒரே வேலை.

அந்த ஷ்வின் கம்பெனி 1933-ல் கொண்டுவந்த பலூன் டயரின் அளவுதான் நம் எம்.டி.பி. டயருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் போய் "26 இன்ச் டயர் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். 26-ல் இரண்டு அளவு சர்வ சாதாரணம். 26 x 1⅜ என்பது 590 மி.மீ. ரிம்முக்கு. நம்முடைய 26 x 2.125-க்கு ரிம் 559 மி.மீ. 31 மி.மீ. வித்தியாசம். எவ்வளவு மிதித்து ஏற்றினாலும் உட்காராது. பழைய டயரின் பக்கவாட்டில் 54-559 என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். (நான் பார்க்காமல் வாங்கினேன்.)

ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடை அண்ணாச்சி ஓவராயில் செய்து தந்தார். உள்ளே பால்ஸ் எல்லாம் சொத்தைப் பல் மாதிரி அரித்திருந்தது, எல்லாம் மாற்றினோம். சீட் பைப் துருவில் கெட்டித்துப்போய் இரண்டு நாள் எண்ணெயில் ஊறியது. பெயிண்ட் அடிக்கவில்லை. கேரியரைத் தொடவிடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மாற்றினேன், அசல் பிரியர்கள் மன்னிக்கவும்... ரிம்!

குரோம் பூசிய இரும்பு ரிம் பளபளவென்று இருக்கும். மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கும். எந்தக் கம்பெனி ரிம்மானாலும் இதுதான் கதை. 2005 ஐப்பசி மழையில் மில் விட்டு வந்த அப்பா, குறுக்கே வந்த ஆட்டுக்காகப் பிரேக் பிடித்தார். ஆடு தப்பித்தது. அப்பாவின் முழங்காலில் ஏழு தையல். கடையில் வாங்கியது போலவே இருக்கவேண்டும் என்றால், அந்த வழுக்கலையும் சேர்த்தல்லவா மீட்க வேண்டும்? அலுமினிய ரிம் போட்டேன். இரும்புக் கடையில் 500 ரூபாய் தேறாத வண்டிக்கு மொத்தச் செலவு 3,400. படித்த படிப்புக்கு இது அவமானம், தெரியும்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். எழுபத்தாறு வயது அப்பா சுற்றிச் சுற்றி வந்தார்.

"இம்புட்டு செலவழிச்சவன் பெயிண்ட் அடிக்கக் கூடாதாப்பா? துருப்புடிச்சு நிக்கி."

"நீங்க ஓட்டுன மாதிரியே இருக்கட்டும்னுதான்ப்பா..."

"இந்தக் கேரியர் அன்னைக்கே கோணலாத்தான் வச்சான். கழட்டிப் போட்டு நல்லதா ஒண்ணு மாட்ட வேண்டியதுதான?"

எந்த வெல்டிங்கை ஏதோ கல்வெட்டு மாதிரி காப்பாற்றினேனோ, அதைத்தான் சொல்கிறார்! நான் பேசவில்லை. அப்பா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பெடலைச் சுற்றிவிட்டு, ஓடுகிற ரிம்மின் மேல் தண்ணீரை ஊற்றி, பிரேக்கை அழுத்தினார். சக்கரம் டக்கென்று நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி ஊற்றினார்.

"ம்... பிடிக்கி" என்றார். "முன் சக்கரத்தைத் தூக்கு."