தொடுவானம் இல்லாத நிலக்காட்சி

நிலக்காட்சி ஓவியம் என்றவுடன், மலையும் ஆறும், தூரத்தில் சிதிலமான கோட்டை ஒன்றும், இவற்றுக்கெல்லாம் மேலே படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகாயமும் நம் மனத்தில் எழுவது இயல்பே. 1792ஆம் ஆண்டில் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்தபோது ஓசூரையும் ராயக்கோட்டையையும் அந்த ரீதியிலேதான் எழுதினார்கள். ரிச்சர்ட் பாரன் 1837ல் வெளியிட்ட நீலகிரிக் காட்சிகளும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. ரம்மியமான சித்திரங்கள்தாம், ஆயினும், அவற்றை எழுதியவர்கள் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடிவதில்லை. கொங்கு நாட்டை ஆண்டுக்கணக்கில், மாதச் சம்பளத்துக்கு, இலை இலையாக எழுதித் தீர்த்த ஒருவரைத்தான் இப்பிரதேசத்தின் மெய்யான நிலக்காட்சிக்காரர் என்று நான் கருதுகிறேன். அவர் பெயர் கோவிந்து. அவருடைய தாள்களில் ஆகாயம் கிடையாது, தரைகூடக் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக 1819ல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், அமெரிக்கப் பருத்தியை இந்த மண்ணில் விளைவித்துப் பார்க்கும் பரிசோதனைப் பண்ணைகளுக்கு அதிகாரியாகி, 1842ல் கோயமுத்தூரில் குடியேறினார். பருத்தி அவருடைய உத்தியோகம். தாவர சாஸ்திரமோ அவருடைய பித்து. உத்தியோகத்தில் பெரிய வெற்றி கிட்டவில்லை. பித்து மட்டும், ‘ஐகோனஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் ஆறு பாகங்கள் கொண்ட கிரந்தமாகி, 1853ல் 2,101 படங்களோடு பூர்த்தியாயிற்று. அதன் தொடக்க காலத்துப் படங்களை எழுதியவர், 1820களிலிருந்தே வைட்டிடம் பணியாற்றிய ரங்கையா என்னும் சித்திரக்காரர். 1840களின் நடுவில் அந்தத் தூரிகை கோவிந்துவின் கைக்கு மாறியது. அதற்குள் வைட்டின் சித்திர வேலையும் கொங்கு நாட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

சித்திரக்காரனுக்கு இதைவிட வாய்ப்பான ஊர் எது? மேற்குத் தொடர் மலை மழை மேகங்களைத் தடுத்து நிறுத்திவிட, பாலக்காட்டுக் கணவாய் ஒன்றின் வழியாக மட்டுமே ஆடிக் காற்று உள்ளே புகுந்து வீசும் இந்தச் சமவெளியில், கிழக்கே போகப் போகக் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாகக் கொறங்காடு விரிகிறது. மேற்கே வாளையாற்றுக் காட்டையும் போளுவாம்பட்டி மலைகளையும் நோக்கி நடந்தால் நிழல் அடர்ந்து ஈரம் மிகுகிறது. வடக்கே குன்னூர் மலையில் ஏறினாலோ, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருந்த மனிதன் 2,000 மீட்டரை எட்டும்போது, சோலைக்காடும் புல்வெளியும், செந்நிறப் பூக்கள் குலுங்கும் காட்டுப் பூவரசும், காலம் பார்த்துப் பூக்கும் குறிஞ்சியுமாக வேறோர் உலகத்தில் நிற்கிறான். இத்தனை வகைத் தாவரங்களும் கோயமுத்தூரில் ஒரே மேஜையின்மேல் வந்து சேரக்கூடும். பறித்த செடி காத்திருக்காது. வாடுவதற்குள் வடிவத்தையும் வர்ணத்தையும் பிடித்துவிட வேண்டும்.

அந்தப் படங்களை ஊன்றிப் பார்க்கவேண்டிய முறை ஒன்று உண்டு. முதலில் தாளின் நடுவிலே நிற்கும் கிளையைப் பார்க்க வேண்டும்: இலைகளில் ஒன்று முன்பக்கத்தையும் ஒன்று பின்பக்கத்தையும் காட்டுமாறு திரும்பியிருக்கும், மொட்டு, மலர், காய் என்னும் மூன்று பருவங்களும், இயற்கையில் ஒருங்கே கூடாவிட்டாலும், சாஸ்திரத்தின் பொருட்டு ஒரே காம்பில் கூடியிருக்கும். பிறகு கண்ணைத் தாளின் அடிப்பக்கத்துக்கு இறக்க வேண்டும். அங்கேதான் கோவிந்துவின் மேதை குடியிருக்கிறது. சூல்பையைக் குறுக்கே வெட்டினால் எத்தனை அறைகள், மகரந்தத் தாள் எந்த இடத்தில் இதழோடு ஒட்டுகிறது, விதைக்குள் கரு எந்தப் பக்கமாகச் சுருண்டிருக்கிறது என்பனவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் கண்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிரல்பட வைத்திருக்கிறார். பொற்கொல்லன் பிரித்து வைத்த நகையைப் போல அவை கிடக்கின்றன. நிழல் பூசி மயக்கும் உபாயத்துக்கு அங்கே இடமில்லை. ‘ஐகோனஸ்’ மலிவு விலைப் பதிப்பாகையால், பெரும்பாலும் வர்ணமின்றி, கல்லச்சில் வெறும் கோடாகவே படங்கள் வெளிவந்தன. கோடு ஒன்றே துணை. அது தடுமாறினால் ஒளிய இடமில்லை. கல்லச்சு சில படங்களில் கோட்டைத் தடிப்பாக்கிக் கெடுத்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். வர்ணத்தில் கோவிந்துவின் கைவரிசையை அறிய விரும்புவோர், எடின்பரோ தாவரத் தோட்டத்தில் பாதுகாக்கப்படும் மூலச் சித்திரங்களையோ, அவற்றைக் கொண்டு ஹென்றி நோல்டி 2007ல் வெளியிட்ட நூலையோதான் நாட வேண்டும்.

ரங்கையாவையும் கோவிந்துவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ரசிகனுக்கு ஓயாத இன்பம். மூத்தவரிடம் அலங்காரத்தில் ஒரு மோகம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தாளை நிரப்ப வேண்டும், கொடி வளைந்தால் அந்த வளைவும் அழகாயிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இளையவர் செடிக்கு விட்டுக்கொடுத்துத் தாம் விலகி நிற்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், சுவரில் மாட்டிக்கொள்ள ரங்கையாவையும், மேஜையில் விரித்து நாள் முழுவதும் பார்த்திருக்கக் கோவிந்துவையும் தேர்ந்தெடுப்பேன்.

கம்பெனிக் காலத்துச் சித்திரக்காரர்களில் எத்தனையோ பேர் பெயரின்றி மறைந்தார்கள். இங்கே அப்படி நேரவில்லை. படங்களின் அடியில் வரைந்தவர் பெயர் அச்சாகியிருக்கிறது; அதற்கு மேலும் ஒரு படி சென்று, ஆர்க்கிட் இனம் ஒன்றுக்கு ‘கோவிந்தூயா’ என்று பெயர் சூட்டி, உறுப்புகளைப் பகுத்து வரைவதில் இவருக்கு நிகரானவர் இந்நாட்டவரில் இல்லை என்று வைட் பாராட்டினார். பிற்காலத்துத் தாவர சாஸ்திரிகள் அதை வேறோர் இனத்தில் அடக்கிவிட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. ரங்கையாவின் பெயரைத் தாங்கிய ‘ரங்கியா’ மட்டும் இன்றும் சாஸ்திர வழக்கில் இருப்பது அதிர்ஷ்டத்தின் பாரபட்சம்.

வைட் 1853ல் ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். கோவிந்துவின் கை ஓய்வு பெறவில்லை. வனத்துறை அதிகாரி பெட்டோம் 1860களில் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி வெளியிட்ட நூலுக்கும் அவரே படம் எழுதினார். பெரணிக்கு மலரில்லை, கனியில்லை. கண்ணைக் கவர எதுவுமில்லை. நரம்பு பிரியும் விதமும், இலையின் அடியில் வித்துப்பொடி ஒட்டியிருக்கும் வரிசையுமே அதன் முழு சௌந்தரியம். அவருடைய படங்களில் சிலவற்றை மட்டுமே பார்க்க எனக்கு அவகாசம் உண்டென்றால், குறிஞ்சியையும் ஆர்க்கிடையும் ஒதுக்கிவிட்டு, அந்தப் பெரணிகளைத்தான் கேட்டு வாங்குவேன்.